தமிழ் நாளிதழ்களில் அமைப்புசார் குற்றம்: திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரை

பலர் கூடி, வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, லாபத்துக்காகத் தொடர்ந்து செய்யும் குற்றம் அமைப்புசார் குற்றம் எனப்படும். கள்ளச்சாராயம், நில அபகரிப்பு, கட்டப்பஞ்சாயத்து, மாமூல் வசூல், கூலிக்குக் கொலை ஆகியவை தமிழ்நாட்டில் இதன் முக்கிய வடிவங்கள். திருவான்மியூரில் தொடங்கி சிறுசேரி, கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை நீளும் பகுதியையும், அதை அடுத்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1980களின் இறுதியிலிருந்து இப்பகுதியின் குற்றங்களைத் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் எப்படிச் சித்திரித்தன என்பதை மதிப்பிடுகிறது.

இந்தக் காலம் முழுவதும் செய்தியின் சொற்கள் மாறின, படங்கள் மாறின, வேகம் மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. செய்தியில் குற்றவாளி என்ற ஆள் பெரிதாகத் தெரிகிறார். அவரை இயங்கவைத்த அமைப்பு தெரிவதில்லை. சரக்கு எங்கிருந்து வந்தது, பணம் யாரிடம் போனது, காப்பாற்றியவர் யார் என்ற கேள்விகள் ஆள் கைதானதும் அல்லது இறந்ததும் முடிந்துவிடுகின்றன.

களம்

சிறுசேரி, பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் உள்ளது. 1980களில் இது வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்புகளும் மீனவக் குப்பங்களும். பின்னர் இங்கே சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. சாலை ஆறு வழிச்சாலையாக விரிந்து ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் பேசப்பட்டது. சாராயத்தை மையமாகக் கொண்டிருந்த குற்றம் நிலத்தை மையமாகக் கொண்டதாக மாறியதற்கு இந்த விலை மாற்றமே அடிப்படைக் காரணம்.

பழைய செய்திகளைத் தேடும் மாணவர்கள் மாவட்டப் பெயரைக் கவனிக்க வேண்டும். 1997 வரை இப்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. ஒரே ஊரின் குற்றச் செய்தி மூன்று காலங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்களின் கீழ் கிடைக்கும்.

சொற்களின் வரலாறு

குற்றச் செய்தியின் சொற்கள் பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்தே நாளிதழுக்கு வந்தவை. 'கேடி' என்ற சொல், ஆங்கிலேயர் காலக் காவல் பதிவேட்டில் அறியப்பட்ட கொள்ளைக்காரர் என்பதைக் குறித்த இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பதிவேட்டின் சுருக்கக் குறி பேச்சு வழக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. 1942இல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எளிய தமிழில் குற்றச் செய்திகளை டீக்கடை வரை கொண்டுசென்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவரும் நாளிதழ் வாசகர் ஆனார் என்பது அதன் பெரும் பங்களிப்பு. அதே சமயம், காவல்துறையின் சொல் பொதுமக்களின் சொல்லாகப் பரவியதும் இவ்வழியில்தான்.

அடுத்து வந்தது 'ரவுடி'. மும்பைச் செய்திகளின் தாக்கத்தால் 'தாதா' சேர்ந்தது. பிறகு 'கூலிப்படை'. இப்போது 'ஏ பிளஸ் ரவுடி' என்ற தரவரிசையும் தலைப்புகளில் இடம்பெறுகிறது. இது காவல்துறை தன் கண்காணிப்பு வசதிக்காக வைத்திருக்கும் வகைப்பாடு. எந்த நீதிமன்றமும் அளித்த பட்டம் அல்ல. 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்பதும் இத்தகையதே. அப்பதிவேட்டில் பெயர் இருப்பது கண்காணிப்பைக் குறிக்கிறது. அது தண்டனை பெற்றதற்குச் சான்று ஆகாது. செய்தியைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு சொல்லப்படுவதில்லை.

'குண்டர் சட்டம்' என்ற பெயரும் நாளிதழ்களால் பரவியதே. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம் சாராயக் கடத்தல்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப்பகுதி நிலம் அபகரிப்போர் ஆகியோரை விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க வழி செய்தது. பின்னர் வனக் குற்றவாளிகள், திருட்டு வீடியோ தயாரிப்போர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், இணையக் குற்றவாளிகள் எனப் பட்டியல் நீண்டது. இத்தனை வகையினரும் செய்தியில் 'குண்டர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 'குண்டர் சட்டத்தில் கைது' என்ற தலைப்பைப் படிப்பவர் தண்டனை கிடைத்துவிட்டதாக நினைக்கிறார். அந்தக் காவல் உத்தரவைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தால், அது உள்பக்கத்தில் சில வரிகளில் முடிகிறது.

ஊர்ப்பெயரை அடைமொழியாக ஒட்டும் வழக்கமும் உண்டு. சென்னை மெரினா கடற்கரையை அடுத்த மீனவர் குடியிருப்பான அயோத்தியாகுப்பத்தின் பெயர், 2003இல் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவரின் அடைமொழியாகவே நாடு முழுவதும் அறியப்பட்டது. அந்தக் குப்பத்தில் பிறந்து, வேலை தேடிப் போகும் இளைஞர் தன் முகவரியைச் சொல்லும்போது அந்த அடைமொழியும் கூடவே வருகிறது. குற்றச் செய்தியின் இந்தச் செலவை எந்த நாளிதழும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

ஆட்டோ சங்கர் வழக்கு

இப்பகுதியின் குற்றச் செய்திகளில் மிகப் பெரியது ஆட்டோ சங்கர் என்ற கௌரி சங்கரின் வழக்கு. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கடற்கரையோரத்தில் ஆட்டோக்களில் சாராயம் கடத்தியதில் அவர் தொழில் தொடங்கியது. பின்னர் பாலியல் தொழிலை நடத்தினார். 1980களின் இறுதியில் நடந்த ஆறு கொலைகளுக்காகக் கைதானார். 1990இல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். 1991இல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இத்தனை ஆண்டுகள் ஒருவர் சாராயமும் பாலியல் தொழிலும் நடத்த எப்படி முடிந்தது? இந்தக் கேள்விக்கு அருகில் சென்ற இதழ் நக்கீரன். சங்கர் சிறையில் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றைத் தொடராக வெளியிடப்போவதாக அது அறிவித்தது. ஆட்சிப்பணி, காவல்பணி அதிகாரிகள் சிலருடன் அவருக்கு இருந்த நெருக்கம் அதில் பேசப்படுவதாகச் சொல்லப்பட்டது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என அறியப்படும் அவ்வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, சுஹாஸ் சி. சென் ஆகியோர் இரண்டு கோட்பாடுகளை வகுத்தனர். தனிமனிதரின் அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும். ஆயினும் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை அவரது இசைவின்றி வெளியிடலாம். அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. வெளிவந்த பிறகே வழக்குத் தொடரலாம். இந்தியப் பத்திரிகைச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

சட்ட வரலாற்றில் நின்றது அதிகாரிகளைப் பற்றிய கேள்வி. மக்கள் நினைவில் நின்றது வேறு. பத்திரிகைகள் தொடர்ந்து எழுதியவை வீட்டில் புதைக்கப்பட்ட உடல்கள், பெண்கள், ஆடம்பர வாழ்க்கை, தூக்குமேடை. 2019இல் வெளிவந்த இணையத் தொடர் வரை இந்த வரிசைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கடற்கரையோரச் சாராய வழித்தடம் யாருடையது, அவருக்குப் பின் அது யார் கைக்குப் போனது என்பதை விரிவாக எழுதிய தொடர் எதுவும் பொதுநினைவில் இல்லை. அரிதான கொடூரன் ஒருவனின் கதையாக மாறியபோது, வழக்கமான ஒரு தொழிலின் கதை மறைந்தது.

இதே போக்கை வீரப்பன் பற்றிய செய்திகளிலும் காணலாம். மீசையும் காடும் கடத்தலும் பேச்சுவார்த்தையும் 2004 அக்டோபர் வரை முதல் பக்கத்தில் இருந்தன. சந்தனக் கட்டையையும் தந்தத்தையும் விலைக்கு வாங்கியவர்கள் யார் என்பது அவ்வளவு இடம் பெறவில்லை. வாங்குபவர் இல்லாமல் கடத்தல் இல்லை.

நிலமும் 'தாதா'வும்

2000க்குப் பிறகு சாலையோர நிலத்தின் மதிப்பு உயர்ந்ததும் செய்தியின் நாயகர் மாறினார். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் தனபாலன் பற்றிய செய்திகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கள்ளச்சாராயத் தொழிலில் தொடங்கி நில வணிகத்தில் ஆதிக்கம் பெற்றவராக நாளிதழ்கள் அவரைக் காட்டின. வெளிநாட்டுக்குத் தப்பிய அவர் 2017 அக்டோபரில் கம்போடியாவில் இறந்ததாகச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த செய்திகள் 'அடுத்த தாதா யார்' என்ற போட்டியைப் பற்றியவை. அரியணைக்கு வாரிசு தேடும் ராஜா கதையின் வடிவம் இது.

நில அபகரிப்பு அரிவாளால் மட்டும் நடப்பதில்லை. அதற்குப் போலிப் பத்திரம் வேண்டும். பொது அதிகார ஆவணம் வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது பதிவாக வேண்டும். பட்டா மாற வேண்டும். இறுதியில் அந்த நிலத்தை யாரோ ஒருவர் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். இந்த ஐந்து படிகளில் மிரட்டல் ஒரு பகுதியே. 2011இல் தமிழ்நாடு அரசு நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகளை அமைத்தபோது இப்படிகள் ஓரளவு செய்தியாயின. ஆனால் அரசியல்வாதிகளின் கைதுகளே பெரும்பகுதி இடத்தைப் பிடித்தன. சிறுசேரி, நாவலூர்ப் பகுதியில் தன் தாத்தா நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பவருக்கு உதவக்கூடிய செய்தி அரிதாகவே வந்தது.

என்கவுன்டர் செய்திகளின் வாய்பாடு

2012 தொடக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள பெருங்குடியிலும், பின்னர் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. அந்தப் பிப்ரவரியிலேயே வேளச்சேரியில் ஒரு வீட்டில் இருந்த ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மறுநாள் செய்திகளில் பெரும்பாலும் அவர்கள் 'கொள்ளையர்கள்' என்றே குறிப்பிடப்பட்டனர். சந்தேகத்துக்கு உரியவர் என்ற நிலையிலிருந்து கொள்ளையர் என்ற நிலைக்கு அவர்களைக் கொண்டுசென்றது நீதிமன்றம் அல்ல, நாளிதழ்.

2023 ஆகஸ்ட் 1 அன்று கூடுவாஞ்சேரி அருகே இருவர், 2024 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியான அக்கரையில் ஒருவர் எனப் பின்னரும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தன. இச்செய்திகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. வாகனச் சோதனையில் நிற்காமல் சென்றார் அல்லது ஆயுதத்தை எடுத்துத்தர அழைத்துச் செல்லப்பட்டார், காவலரை அரிவாளால் வெட்டினார் அல்லது துப்பாக்கியால் சுட்டார், தற்காப்புக்காகச் சுட்டனர், மருத்துவமனை செல்லும் வழியில் இறந்தார். பெட்டிச்செய்தியில் அவர் மீதான வழக்குகளின் எண்ணிக்கை. அந்த வழக்குகளில் எத்தனையில் தண்டனை கிடைத்தது, எத்தனையில் விடுதலை என்ற விவரம் அநேகமாக இருக்காது.

உண்மை நிகழ்வு ஒவ்வொன்றும் வேறாக இருக்கலாம். காவலர் உண்மையிலேயே தாக்கப்பட்டிருக்கலாம். அதைக் கண்டறியவே 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை ஆகியவை கட்டாயம். நடுவர் விசாரணையின் முடிவு என்ன ஆயிற்று என்று தேடிச்சென்று எழுதும் செய்தி மிகக் குறைவு. சுடப்பட்ட நாளில் நான்கு பத்தி, விசாரணை முடிவுக்கு நான்கு வரி.

அண்மைக்காலத்தில் 'வழுக்கி விழுந்து கை முறிவு' என்ற இன்னொரு வகைச் செய்தியும் பழகிவிட்டது. மாவுக்கட்டுடன் நிற்கும் கைதியின் படம் நகைச்சுவைத் தொனியில் வெளியாகிறது. வாசகரும் சிரிக்கிறார். காவலில் இருப்பவரின் கை உடைவது வேடிக்கையாகிவிட்டால், தவறாகப் பிடிபட்ட ஒருவரின் கை உடைந்தாலும் அதைக் கேட்க ஆளிருக்காது.

சிறுசேரி, 2014: தனிக்குற்றமும் 'கும்பலும்'

2014 பிப்ரவரியில் சிறுசேரி சிப்காட் வளாகத்தில் இளம் பெண் மென்பொருள் ஊழியர் ஒருவர் கொலையுண்டார். மத்திய குற்றப் புலனாய்வுக்கு இணையான மாநிலப் பிரிவான சி.பி.சி.ஐ.டி. விசாரித்து, வடமாநிலத் தொழிலாளர்களைக் கைது செய்தது. இது அமைப்புசார் குற்றம் அன்று. ஆயினும் செய்தி மொழி அதை அப்படி ஆக்க முயன்றது. 'வடமாநிலக் கும்பல்' என்ற சொல் சிலரின் செயலை லட்சக்கணக்கான தொழிலாளர்களின் அடையாளமாக மாற்றியது.

உருப்படியான கேள்விகளும் அப்போது எழுந்தன. புதர் மண்டிய வளாகம், விளக்கில்லாத சாலை, இரவுப் பணி முடிந்து திரும்புவோரின் பாதுகாப்பு ஆகியவற்றை நாளிதழ்கள் எழுதியது பாராட்டத்தக்கது. ஆனால் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தக்காரர்கள் அப்போது உரிமம் பெற்று, தொழிலாளர் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அது நடந்ததா என்பது அரிதாகவே கேட்கப்பட்டது. உண்மையான அமைப்பு இருந்த இடத்தில் செய்தி ஆளைத் தேடியது. தனி ஆட்கள் இருந்த இடத்தில் இல்லாத அமைப்பைக் கற்பித்தது.

மெத்தனால், 2023

2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் நச்சுச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் நாட்களின் செய்திகளில் கதறும் குடும்பங்கள், 10 லட்சம் ரூபாய் நிவாரணம், கட்சித் தலைவர்களின் அறிக்கைகள் நிறைந்திருந்தன. கைதான சில்லறை வியாபாரிகளின் படங்கள் வந்தன.

பிறகு நிலைமை சற்று மாறியது. இறந்தவர்கள் குடித்தது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம் அன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அது எந்த ஆலையிலிருந்து வெளியேறியது, யார் கை மாறியது என்று செய்திகள் பின்தொடர்ந்தன. சில நாட்களுக்கு வாசகர் ஒரு சங்கிலியைப் பார்க்க முடிந்தது. ஆலை, இடைத்தரகர், வாகனம், சில்லறை விற்பனையாளர், கூலித் தொழிலாளி என ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. இப்பகுதியின் குற்றச் செய்தி வரலாற்றில் அமைப்பு தெரிந்த அரிய தருணம் இது. ஆனால் அந்தக் கவனம் நீடிக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மீண்டும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தனர். மெத்தனால் கையிருப்பைக் கண்காணிக்கும் முறை என்ன ஆயிற்று என்று இடைப்பட்ட ஓராண்டு முழுவதும் நாளிதழ்கள் விடாமல் கேட்டிருந்தால் அந்த மரணங்கள் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்காமல் இருந்தது சரி என்றும் சொல்ல முடியாது.

பிற இடங்களின் அனுபவம்

இச்சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1920களில் சிகாகோ நகரச் செய்தித்தாள்கள் அல் கபோனைப் புகழ்பெற்ற மனிதராக்கின. 1931இல் அவர் தண்டனை பெற்றது வருமான வரி ஏய்ப்புக்காக. துப்பாக்கியைப் பின்தொடர்ந்தவர்களைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பின்தொடர்ந்தவர்களே வென்றனர்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் வெளிவந்த 'லோரா' என்ற மாலை நாளிதழ், 1958இல் மாஃபியாவைப் பற்றிப் பெயர்களுடன் தொடர் வெளியிட்டது. அதன் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. தொடர் நிற்கவில்லை. மும்பையில் நிழலுலகம் பற்றி எழுதிவந்த செய்தியாளர் ஜோதிர்மய் டே 2011 ஜூன் 11 அன்று பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2018இல் சோட்டா ராஜன் தண்டிக்கப்பட்டார். அமைப்பைப் பற்றி எழுதுவதன் விலை என்ன என்பதை இவை காட்டுகின்றன.

மதிப்பீடு

குறைகளுக்கு முழுப்பொறுப்பையும் செய்தியாளர்மீது சுமத்துவது நியாயமன்று. வட்டாரச் செய்தியாளர் ஒரே நாளில் விபத்து, கோயில் திருவிழா, ஆட்சியர் கூட்டம், கொலை ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். காவல் ஆய்வாளரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த செய்தி கிடைக்காது. நில வணிக நிறுவனங்களின் விளம்பரம் நாளிதழின் வருவாய். அவதூறு வழக்கு வந்தால் அலைய வேண்டியவர் அவரே. அவர் குடியிருப்பதும் அதே ஊரில்தான். இந்நிலையில் காவல்துறையின் செய்திக்குறிப்பே பாதுகாப்பான மூலமாகிறது.

ஆனாலும் விளைவு விளைவுதான். அமைப்பைக் காட்டாத செய்தி, ஆளை ஒழித்தால் குற்றம் ஒழிந்துவிடும் என்று வாசகரை நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கையால்தான் என்கவுன்டருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. ஆள் போன இடத்துக்கு வேறொருவர் வருகிறார். சாராய வழித்தடம் நிலத் தரகாகவும் மெத்தனால் விநியோகமாகவும் தொடர்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு அமைப்புசார் குற்றத்தை முதன்முறையாக நாடு தழுவிய குற்றச் சட்டத்தில் வரையறுத்துள்ளது. நில அபகரிப்பும் கூலிக்கொலையும் அதில் அடங்கும். குழுவாகவோ குழுவின் சார்பாகவோ தொடர்ந்து செய்தது என்பதை நிறுவினால்தான் இப்பிரிவு பொருந்தும். சட்டமே இப்போது தொடர்ச்சியையும் தொடர்பையும் கேட்கிறது. செய்தியும் அதைக் கேட்கத் தொடங்கலாம்.

குற்றச் செய்தியை வாசிக்கும் முறை

மாணவர்கள் ஒரு குற்றச் செய்தியை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட கேள்விகளுக்கு அதில் விடை உள்ளதா என்று பார்க்கலாம்.

1. இத்தகவலைச் சொன்னவர் யார்? காவல்துறை தவிர வேறு யாரிடமாவது கேட்கப்பட்டுள்ளதா?
2. குறிப்பிடப்பட்டவர் சந்தேக நபரா, குற்றம் சாட்டப்பட்டவரா, தண்டனை பெற்றவரா?
3. சரக்கு அல்லது நிலம் எங்கிருந்து வந்தது, இறுதியில் யாரிடம் சேர்ந்தது?
4. எந்த அலுவலகத்தின் கையெழுத்து இல்லாமல் இது நடந்திருக்க முடியாது?
5. ஊர், சாதி, மாநிலம் ஆகியவற்றின் பெயர் செய்திக்குத் தேவைப்பட்டு வந்ததா, பழக்கத்தால் வந்ததா?
6. ஆறு மாதம் கழித்து இதே வழக்கைப் பற்றி அந்த நாளிதழ் எழுதியதா?

ஆறாவது கேள்விக்கு விடை தேட நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது இணையத்தில் பழைய இதழ்களைப் புரட்ட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில் கிடைக்கும் வெற்றிடமும் ஒரு தகவலே.